எளிய மொழியும் பிழை பிடிக்கும் கண்ணும்

(நூற்றாண்டு விழா ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்துவடிவம்)



நூற்றாண்டு நினைவாகக் கல்லூரியின் கணினி அறையைப் புதுப்பித்துக் கொடுப்பதென்று சங்கம் தீர்மானித்தபோது, பணத்தைப் பற்றிய வாதத்தைவிட மொழியைப் பற்றிய வாதமே நீண்டது. கீழ்வகுப்புப் பிள்ளைகளுக்கு ஸ்கிறாச், மேல்வகுப்புக்குப் பைதன் என்று ஆசிரியை கேட்டிருந்தார். வெளிநாட்டில் மென்பொருள் துறையில் இருக்கும் எங்கள் தோழியர் சிலர், "இதெல்லாம் விளையாட்டு மொழி. சி அல்லது ஜாவா படிப்பியுங்கோ. லேசான மொழியளாலதான் குப்பை மென்பொருள் கூடிப்போச்சு" என்றார்கள். மருத்துவத்துக்குப் போன எங்களிடம் யாரும் அபிப்பிராயம் கேட்கவில்லை. இருந்தும் சொல்ல வந்திருக்கிறோம். ஏனென்றால் அந்தக் குப்பையில் கொஞ்சம் எங்களுடையது.

தொண்ணூறுகளின் கடைசியில் உயர்தரம் படித்த எங்களுக்கு வாய்த்த மொழி பேசிக். 1964இல் அமெரிக்காவின் டார்ட்மத் கல்லூரியில் கெமனி, கர்ட்ஸ் என்ற இரு கணிதப் பேராசிரியர்கள், விஞ்ஞானம் படிக்காத மாணவரும் கணினியைப் பாவிக்கவேண்டும் என்று ஆக்கியது. 1975இல் நெதர்லாந்து அறிஞர் டைக்ஸ்ட்ரா, பேசிக் பழகியவர்களுக்கு நல்ல செய்நிரலாக்கம் கற்பிப்பது ஏறக்குறைய முடியாத காரியம் என்று கடுமையாக எழுதினார். எங்களுக்கு அவரையும் தெரியாது, அவருடைய கோபமும் தெரியாது. ஒரு கணினி, இரண்டு கதிரை, நான்கு பேர்.

வகுப்பில் யார் எத்தனையாம் பிள்ளை என்று கணிக்க ஒரு செய்நிரல் எழுதினோம். மொத்தப் புள்ளிக்கு வைத்த பெயரை ஓரிடத்தில் ஓரெழுத்துப் பிசகி அடித்துவிட்டோம். பேசிக் ஒன்றும் சொல்லவில்லை. அதைப் புதுப்பெயர் என்று எடுத்து, பெறுமதி பூச்சியம் என்று தானே வைத்துக்கொண்டு, அதுவரை கூட்டிய புள்ளிகளைக் கைவிட்டுவிட்டது. முதலாம் பிள்ளை பதினேழாம் பிள்ளையானாள். ரீச்சர் தாளைப் பார்த்த உடனே, "இது பிழை, பிள்ளையள்" என்றார். அவருக்குப் பேசிக் தெரியாது. பிள்ளைகளைத் தெரியும்.

அந்தப் பாடம் எங்களுக்கு ஏறவில்லை என்பது பல ஆண்டுகளின் பின் ஒரு கிளினிக்கில் தெரிந்தது. இதய வால்வு மாற்றியவர்களுக்குக் குருதி உறையாமலிருக்க வார்பரின் கொடுப்போம். ஐ.என்.ஆர். என்ற இரத்தப் பரிசோதனை எண்ணைப் பார்த்துத்தான் அளவைக் கூட்டுவதும் குறைப்பதும். எண் குறைந்தால் வால்வில் குருதிக்கட்டி, கூடினால் மூளையிலும் இரத்தம் கசியலாம். நோயாளர் தொகை பெருக, நாங்களே ஒரு விரிதாள் செய்துகொண்டோம். இடப்பக்கம் பெயரும் கிளினிக் இலக்கமும். வலப்பக்கம் திகதி, ஐ.என்.ஆர்., மருந்தளவு. பார்க்க வடிவாக இருக்கட்டும் என்று நடுவில் ஒரு வெற்று நிரல் விட்டிருந்தோம்.

ஒருநாள் எங்களில் ஒருவர் பெயர்களை அகரவரிசைப்படுத்தினார். வெற்று நிரல் வந்ததும் அட்டவணை அத்தோடு முடிந்தது என்று விரிதாள் எண்ணிக்கொண்டது. பெயர்கள் இடம்மாறின. எண்கள் இருந்த இடத்திலேயே இருந்தன. எச்சரிக்கை எதுவும் வரவில்லை. மறுநாள் ஓர் அம்மாவின் பெயருக்கு நேரே 1.4 இருந்தது. அளவைக் கூட்டி எழுதப் பேனை எடுத்தோம். பக்கத்தில் நின்ற மிஸி, "டொக்டர், இந்த அம்மாவின்ர கொப்பியில நாலு தசம் எட்டு எண்டெல்லோ கிடக்கு" என்றார். கூட்டியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்பதை இங்கிருக்கும் மருத்துவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. அன்றைய கிளினிக்கை நிறுத்தி எல்லாக் கொப்பிகளையும் திரும்ப வாங்கினோம்.

இப்படி வாய் திறவாத கருவிகளின் கதை எங்களோடு முடிவதில்லை. 2020 இலையுதிர்காலத்தில் இங்கிலாந்தில் 15,841 கொவிட் தொற்றாளரின் விபரம் உரிய நேரத்தில் கணக்கில் சேரவில்லை. பழைய விரிதாள் வடிவத்தில் 65,536 நிரைகளுக்கு மேல் இடமில்லாததே காரணம் என்று செய்திகள் சொல்லின. மருத்துவமனைக்கென்றே ஆக்கிய ஒரு மொழியும் இருக்கிறது. 1960களின் பிற்பகுதியில் பொஸ்ரனில் பிறந்த அதன் பெயர் மம்ஸ், அதாவது கூகைக்கட்டு. பெயர் வைத்தவர்கள் பகிடிக்காரர். அதில் எல்லாமே எழுத்துச்சரம்தான். கணக்குச் செய்யச் சொன்னால் முன்னாலிருக்கும் இலக்கத்தை எடுத்துக்கொண்டு மிச்சத்தை விட்டுவிடும். "5 மில்லிகிராம்" என்றாலும் ஐந்து, "5 கிராம்" என்றாலும் ஐந்து. ஆனால் அமெரிக்காவின் முன்னாள் படைவீரர் மருத்துவமனைகளின் முழுப் பதிவுமுறையும் இதே மொழியில்தான் கட்டப்பட்டது. அதை வளர்த்ததில் மருத்துவர்களுக்கும் பங்குண்டு.

அப்படியானால் கடினமான மொழி காப்பாற்றுமா? தெரக்-25 என்ற புற்றுநோய்க் கதிர்ச்சிகிச்சைக் கருவியின் செய்நிரல் எழுதப்பட்டது அசெம்ப்ளி மொழியில். அதைவிடக் கடினமான மொழி அரிது. 1985இலிருந்து 1987 வரை அமெரிக்காவிலும் கனடாவிலும் ஆறு நோயாளர் அளவுமீறிய கதிர்வீச்சுக்கு ஆளானார்கள், சிலர் இறந்தார்கள். ஒரு பிழை, இயக்குபவர் திரையில் சிகிச்சை வகையை விரைவாகத் திருத்தினால் மட்டுமே வெளிப்பட்டது. கைதேர்ந்தவர் விரைவாகத்தானே அடிப்பார்! முந்திய கருவிகளில் இருந்த வன்பொருள் பாதுகாப்புப் பூட்டுகளை மென்பொருளை நம்பி எடுத்துவிட்டிருந்தார்கள். திரையில் "மல்பங்சன் 54" என்று வந்தது. அதன் பொருள் இயக்குபவருக்கு விளங்கும்படி எங்கும் எழுதப்படவில்லை.

ஆகவே தோழியரோடு நாங்கள் முரண்படுவது இங்கேதான். 'இலகு' என்ற ஒரே சொல்லுக்குள் இரண்டு விடயங்களைப் போட்டுக் குழப்புகிறோம். எழுத இலகு என்பது ஒன்று. பிழையை விழுங்கிவிட்டுச் சும்மா இருப்பது இன்னொன்று. பைதன் எழுத இலகு. எங்கள் பழைய புள்ளிக் கணக்கை அதில் எழுதியிருந்தால், அந்த வரிக்கு வந்ததும் அப்படியொரு பெயரே இல்லை என்று நின்றிருக்கும். சி கடினம்தான். பத்து இடம் ஒதுக்கிவிட்டுப் பதினோராவதில் எழுதினாலும் பெரும்பாலும் பேசாது. ஆயிரக்கணக்கான கோப்புகளைப் பலர் சேர்ந்து எழுதும் இடத்தில் ஜாவா போன்ற மொழியின் கண்டிப்பு உதவும் என்பதை ஒப்புக்கொள்கிறோம். பதினொரு வயதுப் பிள்ளை அங்கே தொடங்கவேண்டியதில்லை.

எழுத இலகுவாக இருந்தால்தான் விடயம் தெரிந்தவர் கிட்டே வருவார். கொழும்புப் பல்கலைக்கழகத்தின் பட்டப்பின் மருத்துவ நிறுவனம் 2009 முதல் மருத்துவர்களுக்கே உயிர்மருத்துவத் தகவலியல் கற்பிக்கிறது. 2020 ஜனவரியில் கொவிட் வந்தபோது, விமானநிலையத்தில் இறங்குவோரைக் கண்காணிக்கும் பதிவுமுறையை டி.எச்.ஐ.எஸ்.2 என்ற திறந்த மென்பொருளில் நம் நாட்டில் விரைந்து அமைக்க முடிந்ததற்கு அப்படிப் பயின்றவர்கள் இருந்ததும் ஒரு காரணம். பெரும்பகுதி செய்நிரல் எழுதாமலே அமைக்கக்கூடிய முறை அது. பிற நாடுகளும் அதை எடுத்துக்கொண்டன.

கணினி அறைக்கு ஸ்கிறாச்சும் பைதனுமே இருக்கட்டும் என்று எங்கள் வகுப்பின் வாக்கைப் பதிந்துகொள்ளுங்கள். கூடவே ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு கணினிக்கும் இரண்டு கதிரை வாங்குங்கள். ஒரு பிள்ளை எழுதியதை மற்றப் பிள்ளை பிழையாக்கிப் பார்க்கட்டும்.

அந்த விரிதாளை இன்றும் பாவிக்கிறோம். வெற்று நிரலை எடுத்துவிட்டோம். வரிசைமாற்ற முடியாதபடி தாளைப் பூட்டி, கடவுச்சொல்லை அந்த மிஸியிடமே கொடுத்திருக்கிறோம். அளவு எழுதமுன் கொப்பியில் உள்ளதை அவர் வாய்விட்டு வாசிப்பார், நாங்கள் திரையில் பார்ப்போம். கிளினிக் முடிய முன்னரைவிட அரைமணித்தியாலம் பிந்துகிறது.