பழைய அரசு லேப்டாப்பும் புதிய டெபியனும்



மாணவர்களுக்கான தமிழ்நாடு அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கியபோது கள்ளக்குறிச்சி விழுப்புரம் மாவட்டத்தில் இருந்தது. 2019 நவம்பரில் தனி மாவட்டமாகிவிட்டது. அன்றைய பிள்ளைகள் இன்று வேலைக்குப் போகிறார்கள். அவர்களுக்குக் கிடைத்த லேப்டாப் பல வீடுகளில் பீரோ மேல் கிடக்கிறது.

அதில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸ் என்ற இயங்குதளமும் இருந்தது. டெபியன் என்ற லினக்ஸ் வகையை அடிப்படையாக வைத்து மத்திய அரசு நிறுவனமான சி-டாக் உருவாக்கியது அது. பிறகு நேரடியாக டெபியனையே போட்டுக்கொண்டவர்களும் உண்டு. இன்று அவர்களிடம்தான் பேசுகிறேன்.

புதிய மென்பொருள் ஒன்றை நிறுவப் போனால், ஜிலிப்சி என்ற நூலகத்தின் பதிப்பு போதாது என்று பிழை வரும். ஏறக்குறைய எல்லா மென்பொருளும் இயங்குதளத்தின் மையமான கெர்னலிடம் வேலை வாங்குவது இந்த நூலகத்தின் வழியாகத்தான். டெபியன் 11-இல் இதன் பதிப்பு 2.31, 12-இல் 2.36, 13-இல் 2.41. 'இதை மட்டும் புதிதாக ஏற்றிவிட்டால் போதுமே' என்று தோன்றும். தயவுசெய்து செய்யாதீர்கள். மற்றதெல்லாம் பழையதாக இருக்க இது மட்டும் மாறினால், லேப்டாப் திறக்காமலே போகலாம். மொத்த அமைப்பையும் சேர்த்து உயர்த்துவதே சரி. 11-இலிருந்து 13-க்குத் தாவவும் கூடாது. 12-க்குப் போய், லேப்டாப்பை ஒருமுறை அணைத்துத் திறந்து பார்த்துவிட்டு, பிறகு 13.

இப்படி உயர்த்தும்போது பலர் தடுக்கி விழும் இடம் வைஃபை. அதற்கான ஃபர்ம்வேர் டெபியன் 12 முதல் 'நான்-ஃப்ரீ-ஃபர்ம்வேர்' என்ற தனிப் பிரிவில் இருக்கிறது. சோர்ஸஸ் பட்டியலில் பதிப்பின் பெயரை மாற்றும்போதே இதையும் சேர்த்துவிடுங்கள்.

கல்வராயன் மலைக்காரர்களுக்குத் தனியாக ஒன்று. கச்சிராயபாளையம் தாண்டி மேலே ஏறினால் சிக்னலை நம்பி ஒரு ஜிபிக்கு மேல் இறக்க முடியாது. 'டவுன்லோட்-ஒன்லி' என்று ஒரு வசதி உண்டு. கள்ளக்குறிச்சியில் இருக்கும்போதே அதைக் கொடுத்துத் தேவையானதையெல்லாம் இறக்கிக்கொண்டால், வெள்ளிமலையில் இணையம் இல்லாமலே நிறுவலாம். ஆனால் மின்சாரம் வேண்டும். பழைய பேட்டரியில் சார்ஜ் நிற்காது. நிறுவும் நடுவில் கரண்ட் போனால் வேலை அரைகுறையாக நின்றுவிடும். அப்படி நின்றாலும் பதற வேண்டாம். 'டிபிகேஜி' கட்டளையோடு 'கான்ஃபிகர்', 'ஏ' என்ற இரண்டு விருப்பங்களையும் சேர்த்துக் கொடுத்தால் பெரும்பாலும் விட்ட இடத்திலிருந்து தொடரும். புதிய கெர்னல் ஒத்துவராவிட்டால், லேப்டாப்பைத் திறக்கும்போது வரும் கிரப் பட்டியலில் பழைய கெர்னல் இருக்கும். அதைத் தேர்ந்தெடுத்துத் திறக்கலாம்.

தொடங்கும் முன் 'யூநேம்' கட்டளையை 'எம்' சேர்த்துக் கொடுத்துப் பாருங்கள். 'ஐ686' என்று வந்தால் இருப்பது 32 பிட். 2025 ஆகஸ்டில் வெளியான டெபியன் 13-இல் அதற்குக் கெர்னலும் இல்லை, நிறுவியும் இல்லை. ஆனால் செயலி 64 பிட்டைத் தாங்குவதாக இருக்கலாம். 'எல்எஸ்சிபியு' அதைச் சொல்லிவிடும். அப்படியானால் புதிதாக 64 பிட் நிறுவுவதே நல்லது. சான்றிதழ் நகல்களையும் படங்களையும் முதலில் பென்டிரைவில் எடுத்து வையுங்கள்.

லினக்ஸ் தெரிந்த கல்லூரிப் பிள்ளைகளே, விடுமுறைக்கு மலைக்குப் போகும்போது டெபியன் 13-ஐயும் ஒரு பென்டிரைவில் கொண்டுபோங்கள். உங்கள் ஊரில் முடங்கிக் கிடக்கும் ஒரு லேப்டாப்பையாவது, பள்ளியில் படிக்கும் ஒரு பிள்ளைக்காகச் சரிசெய்து கொடுங்கள்.