பதின்மூன்று கண்ணிகளின் வரலாறு



வைரஸுக்குத் தானாக ஜீவிக்கும் சக்தி இல்லை. அது புகுந்த உயிரணுவின் கருவிகளைக் கொண்டே தன்னைப் பிரதி செய்துகொள்கிறது என்பதால், உயிரணுவுக்கு ஊறு நேராமல் வைரஸை மட்டும் தடுப்பது எவ்வாறு என்று வைத்திய சாஸ்திரம் நெடுங்காலம் திகைத்து நின்றது. அந்தத் திகைப்புக்கு ஒரு விடையாக, பாஸ்டன் நகரின் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் ஆராய்ச்சி செய்துவந்த பால் ஸமெக்னிக்கும் மேரி ஸ்டீபன்ஸனும், கோழிகளுக்குப் புற்றுநோய் விளைவிக்கும் ரௌஸ் சர்க்கோமா வைரஸின் ஆர்.என்.ஏ.வில் ஒரு பகுதியோடு பொருந்தி இணையும்படி, பதின்மூன்றே நியூக்ளியோடைடுகள் கொண்ட டி.என்.ஏ. சங்கிலியைச் செயற்கையாக அமைத்து, கோழிக்கருவின் உயிரணுக்களோடு சேர்த்தபோது, வைரஸின் பெருக்கம் குன்றியதைக் கண்டு 1978-ஆம் ஆண்டில் வெளியிட்டார்கள்.

மின்னூட்டம் மிகுந்த அத்தகைய சங்கிலி உயிரணுவின் சவ்வைக் கடக்குமா, கடந்தாலும் நொதிகள் அதைச் சிதைத்துவிடாவா என்று பலர் ஐயுற்றார்கள். அந்த ஆட்சேபங்களை நான் இகழமாட்டேன். அவற்றுக்குச் சமாதானம் தேடியதால்தான் அந்த வித்தை உரம் பெற்றது. பாஸ்பேட் இணைப்பிலுள்ள ஓர் ஆக்ஸிஜனை நீக்கி அவ்விடத்தில் கந்தகத்தை வைத்தால் நொதிகளால் எளிதில் அறுக்க இயலாது என்ற ரசாயன நுட்பம் கைகொடுக்க, 21 நியூக்ளியோடைடுகள் கொண்ட ஃபோமிவிர்சென் என்னும் மருந்து உருவாகி, எய்ட்ஸ் நோயாளிகளின் விழித்திரையை அழித்துப் பார்வையைப் பறிக்கும் சைட்டோமெகலோ வைரஸுக்கு எதிராகக் கண்ணுக்குள் ஊசி வழியே செலுத்தப்படுவதற்கு 1998-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது.

ஆனால் எய்ட்ஸுக்குக் கூட்டு மருந்துச் சிகிச்சை வந்து நோயாளிகளின் எதிர்ப்புச் சக்தி மீண்டபின், அந்தக் கண்நோயே அருகிப்போயிற்று; மருந்தும் சந்தையிலிருந்து விலகியது. இதைத் தோல்வி என்று கூறுவோரோடு நான் உடன்படேன். நோய் அருகியது ஜனங்களுக்கு லாபம், ஆர்.என்.ஏ.வோடு இணைந்து அதன் காரியத்தை மாற்றலாம் என்று அந்த மருந்து மெய்ப்பித்த தத்துவமோ நிலைத்து நின்று, தசைகள் நலிந்து சோரும் பரம்பரை நோயுற்ற குழந்தைகளுக்கு 2016-ல் நுசினெர்சென் என்ற மருந்தாகப் பயன் தந்தது.

வைரஸ்களைப் பொறுத்தவரை காரியம் இன்னும் பாதியில்தான் நிற்கிறது. கண்ணுக்குள்ளும் முதுகுத்தண்டு நீருக்குள்ளும் இச்சங்கிலிகளை ஊசியால் இட முடிகிறது; ரத்தத்தில் செலுத்தினால் கல்லீரல் அவற்றைத் தாராளமாக ஏற்கிறது; பல வைரஸ்கள் முதலில் தாக்கும் சுவாசகோசத்தின் உயிரணுக்களுக்குள் போதிய அளவில் கொண்டு சேர்ப்பதோ பெரிதும் கடினமாக இருக்கிறது. ரசாயனம் பயின்றவர்களும் ஜீவசாஸ்திரம் பயின்றவர்களும் கூடி முயலவேண்டிய அந்தப் பணிக்கு, இன்று பட்டம் பெறும் உங்களில் சிலரேனும் வரவேண்டும் என்று மனமார வேண்டிக்கொள்கிறேன்.