மலரும் சேறும்

(வெள்ளி விழாவில் நிகழ்த்திய உரை)



நம் இளைஞர் ஒருவர் தேர்வில் முதன்மை பெற்றால், ‘சேற்றில் முளைத்த செந்தாமரை’ என்று மேடையில் பாராட்டுவார்கள். நாமும் கைதட்டி மகிழ்வோம். அந்தப் பாராட்டை இன்று சற்றே ஆராய்ந்து பார்ப்போம். அவர் தாமரை என்றால், சேறு எது? அவரைப் பெற்ற தாயா? அவர் வளர்ந்த தெருவா?

இலக்கியத்தில் மலர் வெறும் அழகுப்பொருள் அன்று. கருத்தைச் சுமந்து நிற்கும் குறி. நம் பழம்புலவர்கள் மலைநிலத்துக் காதலுக்குக் குறிஞ்சியையும், தலைவன் வரவை நோக்கிக் காத்திருக்கும் மனைவியின் பொறுமைக்கு முல்லையையும் குறியாக்கினர். நேருக்கு நேர் நின்று பொருத வீரர் சூடியது தும்பை. எவரும் நீரூற்றாத தரிசிலும் தானே பூக்கும் சிறு வெண்பூ அது. பூவின் பெருமையை அது பிறந்த இடத்தைக் கொண்டு அவர்கள் அளக்கவில்லை.

அண்ணல் அம்பேத்கர் 1956இல் தழுவிய பௌத்தம், தாமரைக்கு ஆழ்ந்த பொருள் தந்தது. நீரில் பிறந்து வளர்ந்தும் நீர் ஒட்டாது நிற்கும் தாமரையைப் புத்தர் தமக்கு உவமையாகக் கூறினார். அவரை ஒட்டாதது உலகப் பற்று. பிறப்பைப் பற்றிய இகழ்ச்சி அவ்வுவமையில் இல்லை.

கிருஷ்ணை ஆற்றங்கரையிலுள்ள அமராவதித் தூபியின் கற்களில் தாமரைகள் நிறைந்துள்ளன. அவற்றுள் பல இன்று சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் உள்ளன. அத்தூபிக்கு நிறைகுடம் செதுக்கிய பலகை ஒன்றை ஒருவர் அளித்தார் என்று, 1,500 ஆண்டுகளுக்கும் மேல் பழமையான கல்வெட்டு ஒன்று கூறுகிறது. தாமரைகள் பொங்கி எழும் குடமே நிறைகுடம், வளத்தின் குறி. அளித்தவர் விதிகர், ஆசிரியர் நாகரின் மகன், தோல் தொழிலாளர். அவர் தம் தொழிலை மறைக்கவில்லை. தாய், மனைவி, உடன்பிறந்தார், மக்கள், சுற்றத்தார், நண்பர் அனைவரையும் அக்கொடையில் சேர்த்துக்கொண்டார். தம்மவரை விட்டு விலகித் தாம் மட்டும் மலர அவர் விரும்பவில்லை.

சேற்றில் இறங்கி நாற்று நட்டவர்கள் நாம். நெல்லும் தாமரையும் அதில்தான் வேர்கொள்கின்றன என்பதை நாம் அறிவோம். இழிவு சேற்றில் இல்லை. பிறப்பைக் கொண்டு மனிதரை அளப்பவர் நெஞ்சில் இருக்கிறது.

நம் சங்கம் 25 ஆண்டுகளாகப் படிக்க வைத்த ஒவ்வொருவர் பின்னாலும், கூலி வேலை செய்து புத்தகம் வாங்கித் தந்த ஒரு தாய் இருக்கிறாள். இனி அந்தப் பாராட்டு நம்மை நோக்கி வரும்போது, நன்றி கூறுவோம். கூடவே, ‘நீங்கள் சேறு என்று சொல்வது எங்கள் வேர் நிற்கும் இடம்’ என்பதையும் தலைநிமிர்ந்து கூறுவோம்.