முறை கேட்கும் சீருடை

  

காந்தியடிகள் 1934இல் வந்து வித்யாலயத்துக்கு அடிக்கல் நாட்டிய ஊர் இந்தப் பெரியநாயக்கன்பாளையம். இங்கே பட்டாளத்தைப் பற்றிக் கருத்தரங்கா என்று நண்பர் ஒருவர் கேட்டார். இந்த ஊருக்கு இன்னொரு முகமும் உண்டு என்றேன். மெட்ராஸ் ரெஜிமென்டின் பயிற்சி மையம் வெலிங்டனில் இருக்கிறது. கோவையில் இறங்கி அங்கே போகும் இளைஞன் துடியலூரையும் பெரியநாயக்கன்பாளையத்தையும் காரமடையையும் கடந்துதான் மலையேற வேண்டும். பதினைந்து, பதினேழு வருடம் கழித்துப் பெட்டியோடு திரும்புகிறவனுக்கும் இதுதான் வழி.

சில ஆண்டுகளுக்கு முன் இங்கே மேட்டுப்பாளையம் பஸ் ஏறினேன். ஒட்ட வெட்டிய முடியோடு ஓர் இளைஞன் உட்கார்ந்திருந்தான். காலடியில் கறுப்பு டிரங்குப் பெட்டி, அதன்மேல் வெள்ளைப் பெயிண்டில் பெயரும் எண்ணும். என்னோடு ஒரு முதியவரும் ஏறினார். "உள்ள போ பெருசு" என்றார் கண்டக்டர். பெரியவர் பெட்டியைப் பார்த்துவிட்டு, "எந்தப் பட்டாலியன் தம்பி?" என்றார். இளைஞன் எண்ணைச் சொன்னான். "எழுபத்தொண்ணுல நானும் அதுலதான் இருந்தேன்." அடுத்த நொடி அவன் எழுந்து நின்றான். "உட்காருங்க சாப்." இருவரும் அதற்கு முன் ஒருவரையொருவர் பார்த்ததில்லை. கண்டக்டருக்குப் பெருசாக இருந்தவரை அவனுக்குச் சாப் ஆக்கியது ஒரே ஓர் எண்.

கொங்கு நாட்டில் புதிய ஆளைக் கண்டால், "எந்த ஊருங்க, நமக்கு என்ன முறை ஆகோணும்?" என்று கேட்போம். முறை என்பது உறவு. ராக்காவலில் "இப்ப உன் முறை" என்று எழுப்பும்போது அதே சொல் வரிசையைக் குறிக்கிறது. "இது முறையா?" என்று கேட்கும்போது நியாயமாகிவிடுகிறது. பணியிலிருக்கும் படைவீரர், முந்திய போர்களில் நின்றவர்களைப் பார்க்கும் பார்வையில் இந்த மூன்று முறையும் பின்னிக்கிடக்கின்றன. இன்றைய விவாதத்துக்கு நான் வைக்கும் கருத்து இதுதான்.

முதலில் உறவு. மெட்ராஸ் ரெஜிமென்ட் தன் பிறப்பை 1758இல் வைத்து எண்ணுகிறது. இந்தியக் காலாட்படையில் மூத்தது அதுவே. அதன் வீரர்களை ராணுவம் முழுவதும் "தம்பி" என்றுதான் அழைக்கிறது. மூத்த ரெஜிமென்டுக்கு இப்படியொரு பெயர் எப்படி வந்தது என்று வேடிக்கையாகக் கேட்கலாம். ஆனால் தம்பி என்றாலே அண்ணன் ஒருவர் இருக்கிறார் என்று பொருள். பட்டாலியனின் நிறுவன நாளில் ஓய்வுபெற்றவர்கள் வரும்போது, படா கானா எனும் பெருவிருந்தில் மூத்த சுபேதாருக்கு நாற்காலி போடும் இளம் சிப்பாய் அந்த முறையைத்தான் செலுத்துகிறான்.

இந்தச் சங்கிலி ஒருமுறை அறுந்ததும் உண்டு. 1881 முதல் 1885 வரை சென்னைப் படையின் தலைமைத் தளபதியாக இருந்த ஃபிரெடெரிக் ராபர்ட்ஸ், தெற்கத்தி வீரர்களுக்குப் போர்க்குணம் மழுங்கிவிட்டது என்று கருதினார். போர்க்குடி, போர்க்குடி அல்லாதார் என்ற பாகுபாடு வலுப்பெற்றது. ஆள்சேர்ப்பு வடக்கே போனது. சென்னைக் காலாட்படைகள் ஒவ்வொன்றாகக் கலைந்து, 1930களின் தொடக்கத்தில் மெட்ராஸ் ரெஜிமென்டே இல்லாமல் போயிற்று. பெங்களூரில் மெட்ராஸ் சாப்பர்ஸ் என்ற பொறியாளர் படை மட்டும் மிஞ்சியது. இரண்டாம் உலகப் போர் வந்தபின் ரெஜிமென்டை மீண்டும் எழுப்பினார்கள். அப்போது அதன் பயிற்சி மையம் நம் மதுக்கரையில் இருந்தது. 1947இல் வெலிங்டனுக்குப் போனது. மதுக்கரை மைதானத்தில் துப்பாக்கி தூக்கிய பையனின் நிலையை நினைத்துப் பாருங்கள். கதை சொல்ல அந்த ரெஜிமென்டில் முந்தின தலைமுறை ஒன்று இல்லை. பர்மாவில் போரிட்டு அவன் தன்னைத்தானே மூத்தவனாக்கிக்கொள்ள வேண்டியிருந்தது.

அறுந்ததைக் கட்டும் ஏக்கம் விமானப்படைக்கும் உண்டு. 1971 டிசம்பர் 14 அன்று ஸ்ரீநகர் வானில் உயிர்நீத்து, விமானப்படையின் ஒரே பரம்வீர் சக்ரத்தைப் பெற்ற நிர்மல் ஜித் சிங் செகோன் 18ஆம் ஸ்க்வாட்ரனைச் சேர்ந்தவர். 2016இல் விமானங்கள் விடைபெற்றபின் பெயரளவில் நின்ற அந்த அணி, 2020 மே மாதம் சூலூரில் தேஜஸ் விமானங்களோடு மறுபடி பறந்தது. இதே விமானங்களைப் புதியதோர் எண்ணின் கீழும் நிறுத்தியிருக்கலாம். செகோனின் எண்ணைத் தேடி எடுத்துக் கொடுத்தார்கள் என்பதில்தான் செய்தி இருக்கிறது.

உறவு என்றால் சங்கடமான உறவுகளும் உண்டு. 1741இல் குளச்சலில் டச்சுக்காரரை வென்ற திருவிதாங்கூர்ப் படையின் வாரிசு 9 மெட்ராஸ் பட்டாலியன். அந்த வெற்றியைப் பெருமையோடு கொண்டாட அதற்குத் தடையில்லை. ஆனால் 1805இல் சங்ககிரியில் தீரன் சின்னமலையைத் தூக்கிலிட்ட கிழக்கிந்தியக் கம்பெனிக்குப் படையாக நின்றவர்களும் சென்னைச் சிப்பாய்களே. ரெஜிமென்டின் சின்னத்திலுள்ள யானை, 1803இல் மராட்டியருக்கு எதிராக நடந்த அசாயே போரின் நினைவு. இந்தியரை அடக்க நடந்த போர்களின் விருதுகளைக் கொண்டாடத் தகாதவை என்று விடுதலைக்குப் பின் ராணுவம் ஒதுக்கிவைத்தது. யானை மட்டும் நின்றுவிட்டது. போரை ஏற்காமல், அதில் நின்ற ஆளை மூத்தவராக ஏற்க முடியுமா? ஏற்கலாம் என்கிறது யானை. ஆய்வாளர்கள் அவ்வளவு எளிதில் விட்டுவிடக் கூடாது.

இரண்டாவது, வரிசை. நேற்று அவர் நின்ற இடத்தில் இன்று நான் நிற்கிறேன் என்ற உணர்வு. ஊர் போர்களுக்கு மதிப்பெண் போடும்: 1962 தோல்வி, 1971 வெற்றி, 1999 கார்கில் தொலைக்காட்சியில் பார்த்தது. காவல் மாற்றிக்கொள்கிறவன் அப்படிப் போடுவதில்லை. 1962 நவம்பர் 18 அன்று லடாக்கின் ரெசாங் லாவில் 13 குமாவூன் பட்டாலியனின் ஒரு கம்பெனி, 114 பேரை இழந்து நின்றது. உயிரோடு மீண்ட சிலர் சொன்னதை முதலில் பலர் நம்பவில்லை. பனி விலகி உடல்கள் கிடைத்த பிறகுதான் நம்பினார்கள்; மாண்டவர்கள் துப்பாக்கியைக் கையில் பிடித்தபடியே உறைந்திருந்தார்கள். அந்த உயரத்துக் குளிர் எப்படியிருக்கும் என்று 2020க்குப் பின் அங்கே நின்ற வீரருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. கல்வான் பள்ளத்தாக்கில் 2020 ஜூனில் உயிர்நீத்த நம் ராமநாதபுரம் மாவட்டத்து ஹவில்தார் பழனியின் தோழர்களுக்கு, தோற்ற போரின் வீரர் ஒருபோதும் தோற்றவராகத் தெரியமாட்டார்.

நமக்கு மிக நெருக்கமானதும், நாம் பேசத் தயங்குவதுமான போர் இலங்கையில் நடந்தது. 1987 முதல் 1990 வரை அங்கிருந்த இந்திய அமைதிப்படையில் ஆயிரத்து நூறு பேருக்கு மேல் இறந்தார்கள். மெட்ராஸ் பட்டாலியன்களும் அங்கே இருந்தன. எதிரே அழும் தாயின் மொழி புரிந்த வீரனுக்கு அந்தப் போர் இரட்டைச் சுமை. 1987 நவம்பரில் அங்கே இறந்து பரம்வீர் சக்ரம் பெற்ற மேஜர் ராமசாமி பரமேஸ்வரன் தமிழர். 1990 மார்ச்சில் கடைசி அணிகள் சென்னைத் துறைமுகம் வந்தபோது முதல்வர் கருணாநிதி வரவேற்கப் போகவில்லை. ஈழத் தமிழர் பட்ட துயரை எண்ணிப் பார்த்தவர்கள் அந்த முடிவில் ஒரு நியாயத்தைக் கண்டார்கள். கப்பலிலிருந்து இறங்கியவன் கண்டது முதல்வர் வராத கரையை. இரண்டையும் ஒரே நேரத்தில் மனத்தில் வைத்திருக்க நம் வரலாற்றெழுத்து இன்னும் பழகவில்லை. படைக்குள் கதை வேறு. காட்டிலும் சந்திலும் புதைவெடிகளுக்கு நடுவே அவர்கள் உயிர்கொடுத்துக் கற்றது, பின்னால் காஷ்மீர் போனவர்களுக்குப் பாடமாயிற்று. ஊர் பேசத் தயங்கியவரைப் பயிற்சிக் களத்தில் ஆசானாக்கி "உஸ்தாத்" என்று அழைத்தார்கள்.

சீருடையே உறவை மறுத்ததும் உண்டு. மலேயாத் தோட்டங்களிலிருந்து நேதாஜியின் படையில் சேர்ந்த தமிழர் ஏராளம். விடுதலைக்குப் பின் இந்திய தேசிய ராணுவத்தினரை ராணுவம் மீண்டும் சேர்த்துக்கொள்ளவில்லை. தொண்ணூறு வயது தாண்டிய நான்கு பேர் குடியரசு நாள் அணிவகுப்பில் வண்டியேறி வந்தது 2019இல்தான்.

மூன்றாவது, நியாயம். இங்கே பேச்சு போர்க்களத்திலிருந்து வீட்டு வாசலுக்கு வருகிறது. சிப்பாயாகச் சேர்ந்தவர்களில் பலர் நாற்பது வயதையொட்டி ஓய்வுபெற்றுவிடுகிறார்கள். கோவையில் அடுத்த வேலை பெரும்பாலும் மில் கேட்டிலோ, வங்கி வாசலிலோ, அடுக்ககத்தின் செக்யூரிட்டி அறையிலோ. விடுப்பில் வரும் தம்பி அதைப் பார்க்கிறான். நேற்றுவரை பத்துப் பேருக்குக் கட்டளையிட்ட ஹவில்தார், கார் ஹார்ன் சத்தத்துக்கு ஓடிப்போய்க் கதவு திறக்கிறார். கேன்டீன் கார்டு, மருத்துவத் திட்டத்தின் பாலிகிளினிக் வரிசை, நவம்பர் தோறும் வாழ்வுச் சான்று, கலெக்டர் அலுவலகத்துக் குறைதீர் நாள் என்று அவர் அலையும் இடங்களையெல்லாம் அவன் கவனிக்கிறான். தன் ஜாதகத்தைத் தானே வாசிப்பதுபோல.

ஒரே பதவிக்கு ஒரே ஓய்வூதியம் கேட்டு முன்னாள் வீரர்கள் 2015இல் டெல்லி ஜந்தர் மந்தரில் அமர்ந்தார்கள். சுதந்திர நாளுக்கு முதல்நாள் காவல்துறையினர் அவர்களை அகற்ற முயன்றபோது, பதக்கங்கள் தொங்கும் சட்டையைப் பிடித்து இழுத்த படங்கள் நாடெங்கும் போயின. அரசு அந்த நவம்பரில் ஆணை பிறப்பித்தது. பணியிலிருப்பவர் சங்கம் வைக்கவோ பத்திரிகைக்குப் பேசவோ 1950ஆம் ஆண்டு ராணுவச் சட்டம் இடம் தருவதில்லை. அதனால் ஓய்வுபெற்றவரின் குரல் இருவருக்கும் சேர்ந்த குரலாகிறது. பாசறையில் வாய்மூடி அந்தப் படங்களைப் பார்த்தவர்கள் மனத்தில் "இது முறையா?" என்பது எழாமல் இருந்திருக்குமா?

2022 ஜூனில் வந்த அக்னிபத் திட்டம் கேள்வியை இன்னும் கூர்மையாக்குகிறது. நான்கு ஆண்டு முடிந்ததும் நால்வரில் ஒருவருக்குத்தான் தொடர்ந்து இடம். வெளியேறுகிறவர்களுக்கு ஒரு தொகை உண்டு, ஓய்வூதியம் இல்லை. இருபத்தைந்து வயதில் திரும்பும் அவன் யாருக்கு அண்ணன்? பத்தாண்டு கழித்து அவன் பஸ்ஸில் எண்ணைச் சொன்னால் யாராவது எழுந்து நிற்பார்களா?

தொல்காப்பியம் நடுகல்லுக்குக் காட்சி முதல் வாழ்த்தல் வரை ஆறு துறை வகுத்தது. கல் மாண்டவனுக்கு. மீண்டவனுக்கு நம் மரபு இவ்வளவு விரிவாக எதையும் வகுக்கவில்லை. முன்னாள் படைவீரர் நாள் ஜனவரி 14. தளபதி கரியப்பா 1953இல் ஓய்வுபெற்ற நாள். தமிழ்நாட்டில் அது பொங்கல் பரபரப்பில் கரைந்துவிடுகிறது. சில ஆண்டுகளில் போகியன்றே வருகிறது: பழையதைத் தெருவில் போட்டு எரிக்கும் காலையில், பழைய வீரரைப் போற்றச் சொல்கிறோம்!

ஆய்வாளர்களுக்கு மூன்று வேண்டுகோள். ஒன்று, முதியவர்களின் நினைவைப் பதியும்போது, அவர்களைப் பார்த்துச் சேர்ந்த இளையவர்களையும் தனியே கேளுங்கள். இரண்டு, வீட்டுப் பெண்களைக் கேளுங்கள். பதக்கம் எந்தப் பெட்டியில் கிடக்கிறது, எந்த இரவில் அவர் தூங்கவில்லை என்பது அவர்களுக்குத்தான் தெரியும். மூன்று, ஊரை ஊரோடு ஒப்பிடுங்கள். வேலூர்ப் பக்கம் கம்மவான்பேட்டையில் பட்டாளம் தெருவுக்குத் தெரு இருக்கிறது. இங்கே இளைஞனைப் பஞ்சாலையும் பட்டறையும் பம்ப்செட்டும் முதலில் இழுத்துக்கொள்கின்றன; பட்டாளத்துக்காரர் தெருவில் தனி ஆள். இரண்டு ஊரிலும் மரியாதை ஒன்றாக இருக்க முடியாது.

அந்தப் பஸ் கதையை நான் முடிக்கவில்லை. காரமடையில் பெரியவர் இறங்க எழுந்தார். இளைஞன் அவர் பையை எடுத்துக்கொண்டு படிவரை வந்தான். போரைப் பற்றி ஏதேனும் கேட்பான் என்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். அவன் கேட்டது இதுதான்: "பென்ஷன் ஒழுங்கா வருதுங்களா சாப்?"

"அது வருது கண்ணு" என்றார் பெரியவர். "ஆளுங்கதான் ஆரும் வர்றதில்லை."

அவரைப் போன்றவர்களின் வாசலுக்கு நாம் போவதற்கான முதல் அடியாகக் கருதி, இந்தக் கருத்தரங்கைத் தொடங்கிவைக்கிறேன்.