எட்டாம் வகுப்போடு முடிகிற உரிமை

(கல்லூரி மாணவர்களின் வாசிப்பு வட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



என் அம்மாவின் டி.சி. இன்னும் எங்கள் வீட்டு டிரங்குப் பெட்டியில் இருக்கிறது. எட்டாம் வகுப்பு முடித்தபோது வாங்கியது. மேல் வகுப்புக்குச் செல்லத் தகுதி பெற்றாரா என்ற இடத்துக்கு நேராக ‘ஆம்’ என்று மையால் எழுதியிருக்கிறார்கள். எங்கள் ஊரில் அன்று நடுநிலைப் பள்ளி மட்டும்தான். உயர்நிலைப் பள்ளிக்கு ஆறு கிலோமீட்டர், அதுவும் ஊர்த்தெரு வழியாக நடக்க வேண்டும். தகுதி பெற்ற அம்மா அந்த வருடமே களை எடுக்கப் போனார்.

நான் இன்று முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். வாரத்தில் மூன்று நாள் மாலையில், எங்கள் காலனியில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் பதினோரு பேருக்குப் பாடம் சொல்லித் தருகிறேன். அவர்கள் படிக்கிற ஐந்து பாடங்களைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன்.

ஏன் எட்டாம் வகுப்பு? 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் கட்டணமில்லாக் கட்டாயக் கல்வியை எட்டாம் வகுப்பு வரைதான் உரிமையாக்கியிருக்கிறது. தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் அதற்கு மேலும் கட்டணம் இல்லாமல் படிக்கலாம். ஆனால் அது அரசின் ஏற்பாடு. இந்தச் சட்டம் தரும் உறுதி எட்டோடு நின்றுவிடுகிறது. இன்னொரு சட்டத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 2016-இல் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் சட்டப்படி, 14 வயது நிறைந்தவரை ஆபத்தானவை என்று பட்டியலிட்ட தொழில்களைத் தவிர மற்ற வேலைகளில் சேர்க்கலாம். 14 வயதுக்குக் குறைந்தவர்கள்கூட பள்ளி நேரம் போகக் குடும்பத் தொழிலில் உதவலாம். குடும்பத் தொழில் என்றால் இந்த நாட்டில் என்ன பொருள் என்று உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. படிக்கும் உரிமை முடிகிற வயதும், வேலைக்கு எடுக்க அனுமதி தொடங்குகிற வயதும் ஒன்றாக இருக்கின்றன.

அப்படியானால் எட்டாம் வகுப்பு முடிக்கிற பிள்ளையின் கையில் என்ன இருக்க வேண்டும்?

கணக்கில் ‘வாழ்வியல் கணிதம்’ என்று ஒரு பகுதி. சதவீதம், லாப நட்டம், கூட்டு வட்டி எல்லாம் வரும். ஒருநாள் புத்தகத்தை மூடிவிட்டு, காலனியில் ஓடுகிற தண்டலைக் கணக்குப் போடச் சொன்னேன். பத்தாயிரம் கடன். பிடித்தம் போகக் கையில் வருவது 8,500. தினம் நூறு ரூபாய், நூறு நாள் கட்ட வேண்டும். “பதினஞ்சு பர்சென்ட் அக்கா” என்றார்கள் எல்லோரும். ஒரு பெண் மட்டும் நிறுத்தினாள். “கையில வந்தது எட்டாயிரத்து ஐந்நூறுதானே அக்கா? அதுக்குத்தானே ஆயிரத்து ஐந்நூறு வட்டி?” வகுத்துப் பார்த்தால் 17.6 சதவீதம். அதுவும் நூறு நாளுக்கு. தினமும் அசல் குறைந்துகொண்டே வருவதையும் சேர்த்தால் உண்மையான வட்டி ஏறக்குறைய இரண்டு மடங்கு. அன்று இரவு அவள் வீட்டில் இந்தக் கணக்கை அம்மாவுக்குப் போட்டுக் காட்டியிருக்கிறாள்.

அறிவியலில் நுண்ணுயிரிகள் பாடம். காற்றில்லாத இடத்தில் கழிவு மட்கும்போது மீத்தேனும் ஹைட்ரஜன் சல்பைடும் உருவாகின்றன, ஹைட்ரஜன் சல்பைடு காற்றைவிடக் கனமானது, அதனால் குழியின் அடியில் தேங்கும் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரு பையன் கேட்டான்: “இது தெரிஞ்சும் ஏன்க்கா ஆள இறக்குறாங்க?” அவன் பெரியப்பா தூய்மைப் பணியாளர். அதற்கு அறிவியல் புத்தகத்தில் பதில் இல்லை. உரிய பாதுகாப்புக் கருவிகள் இல்லாமல் மலக்குழியில் மனிதரை இறக்குவதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. செத்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் தர வேண்டும் என்று 2014-இல் சொன்ன உச்ச நீதிமன்றம், 2023-இல் அதை 30 லட்சமாக உயர்த்தியது. இழப்பீடு உயர்ந்ததே தவிர, சாவு நிற்கவில்லை. இதைப் பதின்மூன்று வயதுப் பையனிடம் சொல்லத்தான் வேண்டியிருந்தது.

சமூக அறிவியலில் ஆங்கிலேயரின் மூன்று நிலவரி முறைகள். 1793-இல் வங்காளத்தில் நிலையான நிலவரி, பிறகு மெட்ராஸ் மாகாணத்தில் ரயத்துவாரி, வடக்கே மகல்வாரி. ஒப்பிட்டு எழுதினால் முழு மதிப்பெண். “எங்க தாத்தா ரயத்தாக்கா?” என்று கேட்டார்கள். இல்லை. ரயத்து என்றால் பட்டா உள்ளவர். உங்கள் தாத்தா அவர் நிலத்தில் பண்ணையாள். அங்கிருந்து, செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த திரமென்ஹீர் 1891-இல் பறையர் மக்களின் நிலை குறித்து எழுதிய அறிக்கைக்கும், அதைத் தொடர்ந்து 1892-இல் வந்த பஞ்சமி நில அரசாணைக்கும் போனோம். மறுவாரம் ஒருவன் தாத்தாவிடம் கேட்டு வந்தான், எங்கள் ஊரில் பஞ்சமி நிலம் எந்தப் பக்கம் இருந்தது என்று.

தமிழ்ப் புத்தகத்தில் ‘சட்டமேதை அம்பேத்கர்’ இருக்கிறார். மகிழ்ச்சி. ஆனால் அவர் வருவது கடைசி இயலில். ஆண்டு முடிவில் அவசரமாக வாசித்து முடிக்கிற இடம் அது. தலைப்பும் அவரைச் சட்டத்துக்குள் நிறுத்திவிடுகிறது. அவர் 1927-இல் பம்பாய் சட்டசபையில் கல்வி மானியத்தின் மீது பேசியவர். பள்ளியில் சேரும் நூறு பிள்ளைகளில் 18 பேர்தான் நான்காம் வகுப்பை எட்டுகிறார்கள் என்று கணக்கு காட்டி வாதாடியவர். பிள்ளைகளுக்கு நான் இந்த அம்பேத்கரையும் சொல்கிறேன். இடைநின்ற பிள்ளைகளை எண்ணிய அம்பேத்கர்.

ஆங்கிலத்தைப் பற்றி நீட்ட வேண்டாம். உச்ச நீதிமன்றத் தீர்ப்பும் என் ஆய்வேடும் அந்த மொழியில்தான் இருக்கின்றன. ஒரு விண்ணப்பத்தை யார் துணையும் இல்லாமல் வாசித்து நிரப்பத் தெரிந்தால் போதும் என்று தொடங்குகிறேன்.

இதே எட்டாம் வகுப்பில்தான் தேசிய வருவாய்வழி உதவித்தொகைத் தேர்வு நடக்கிறது. தேர்வானால் ஒன்பது முதல் பன்னிரண்டு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய். மாதம் ஆயிரம். வேலைக்குப் போ என்கிற வீட்டில் அந்த ஆயிரம் ஒரு வாதம். வருமானச் சான்றிதழ் நேரத்துக்குக் கிடைக்காமல் விண்ணப்பிக்க முடியாமல் போன பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன்.

இந்த இடத்தில்தான் வடிகட்டவும் பார்க்கிறார்கள். 2019-இல் கல்வி உரிமைச் சட்டத்தைத் திருத்தி, ஐந்திலும் எட்டிலும் தேர்வு வைத்து, மறுதேர்விலும் தேறாதவர்களை அதே வகுப்பில் நிறுத்தலாம் என்றார்கள். தமிழ்நாட்டிலும் அந்த ஆண்டு ஐந்து, எட்டாம் வகுப்புகளுக்குப் பொதுத்தேர்வு அறிவிப்பு வந்தது. எதிர்ப்புக்குப் பிறகு 2020 பிப்ரவரியில் திரும்பப் பெற்றார்கள். 2024 டிசம்பரில் ஒன்றிய அரசு விதிகளை மாற்றி, தன் பள்ளிகளில் அதை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. தமிழ்நாடு ஏற்கவில்லை. சரி. ஆனால் ‘ஃபெயில் ஆக்கினால்தான் படிப்பான்’ என்று நம் பக்கத்திலேயே சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் ஒன்று கேட்கிறேன். பதினான்கு வயதில் ஒரு வருடம் நிறுத்தப்பட்ட காலனிப் பையன், மறு ஜூனில் பள்ளிக்கு வருவானா, மேஸ்திரியோடு போவானா?

நாம் கேட்க வேண்டியது வேறு. கல்வி உரிமை பன்னிரண்டாம் வகுப்பு வரை, 18 வயது வரை சட்டமாக வேண்டும். எட்டோடு நிற்கிறவருக்கு அரசு வைத்திருக்கிற இடம் அலுவலக உதவியாளர் வேலை. அதற்கும் இன்று பட்டதாரிகள் வரிசையில் நிற்கிறார்கள்.

சட்டம் வரும் வரை காத்திருக்க வேண்டாம். உங்கள் ஊரில், உங்கள் தெருவில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் எத்தனை பேர் என்று இந்த வாரம் எண்ணுங்கள். யார் யார் ஒன்பதாம் வகுப்பில் சேர்ந்தார்கள் என்று ஜூனில் மறுபடி எண்ணுங்கள். வராத பிள்ளையின் வீட்டுக்குப் போங்கள்.

போன வருடம் என்னிடம் படித்த ஒன்பது பேரில் எட்டுப் பேர் ஒன்பதாம் வகுப்பில் இருக்கிறார்கள். அந்த ஒருவன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறான். அவனுடைய டி.சி.யிலும் ‘ஆம்’ என்றுதான் எழுதியிருக்கிறது. வரும் ஞாயிற்றுக்கிழமை அவன் அம்மாவைப் பார்க்கப் போகிறேன்.

ஜெய் பீம்.