கண்டனத்தாற் கிருமி சாகாது

(மயிலிட்டியில் நடைபெற்ற பொதுக் கூட்டமொன்றிற் சட்டத்தரணி ஒருவர் ஆற்றிய உரை)



அரசியல் மேடையிற் கிருமிகளைப் பற்றிப் பேசுவதா என்று சிலர் வியக்கலாம். கசநோய் வைத்தியசாலை இருந்த இந்த மயிலிட்டி மண்ணிற் பேசாமல் வேறெங்கே பேசுவது?

கசநோயை எதிர்த்து முதலிற் கிடைத்த அருமருந்து ஸ்ரெப்டோமைசின். 1948 ஆம் ஆண்டு பிரித்தானியாவில் வெளியான ஆய்விலே, அம்மருந்தைப் பெற்ற நோயாளர் முதலில் தேறினர். ஆனாற் சில மாதங்களுள் அவர்களுட் பலரிடம் அம்மருந்துக்கு அடங்காத கிருமிகள் தோன்றின. மருந்து மெலிந்த கிருமிகளைக் கொல்கின்றது. தப்பிய வலியன பெருகுகின்றன. ஆகவேதான் பல மருந்துகளைச் சேர்த்துப் பல மாதம் தவறாது கொடுக்கும் முறை பிறந்தது.

சென்னை தந்த சாட்சியம்

இன்று இவ்வாபத்துக் கசநோயோடு நிற்கவில்லை. சென்னைப் பல்கலைக்கழக ஆய்வாளர் கார்த்திகேயன் குமாரசாமி அவர்களை முதல் ஆசிரியராகக் கொண்ட ஆய்வொன்று 2010 ஆம் ஆண்டு ஆகஸ்டில் லான்செற் தொற்றுநோய் ஏட்டில் வெளிவந்தது. ஏனைய மருந்துகள் தோற்றபின் கைகொடுக்கும் கார்பபெனம் மருந்துகளையும் சிதைத்துவிடும் என்.டி.எம்.-1 என்னும் நொதியத்தைப் பற்றியது அது. அந்நொதியத்தை உடைய பற்றீரியாக்கள் சென்னையில் 44, அரியானாவில் 26, பிரித்தானியாவில் 37, இந்தியா, பாகிஸ்தானின் பிற இடங்களில் 73 எனக் கண்டறியப்பட்டன. இதனினும் அஞ்சத்தக்கது ஒன்றுண்டு. அந்த மரபணு ஓரினப் பற்றீரியாவிலிருந்து மற்றோரினப் பற்றீரியாவுக்குக் கைமாறக் கூடியது!

இந்திய அரசு என்ன செய்தது? நொதியத்துக்குப் புதுடில்லியின் பெயர் இடப்பட்டதைக் கண்டித்தது. இந்தியாவிற் சிகிச்சை பெறுவது ஆபத்து என்ற கருத்தை மறுத்தது. கட்டுரையின் சில விளக்கங்கள் தமக்கு உடன்பாடானவை அல்ல என்று கார்த்திகேயன் அவர்களும் கூறினார்.

நான் சட்டம் பயின்றவன். சாட்சியம் வேறு, அதிலிருந்து பெறும் அனுமானம் வேறு. அனுமானத்தை மறுக்கலாம். நோய்க்கு ஊரின் பெயரை இடுதல் முறையன்று என்றும் வாதிடலாம். அதில் நியாயம் உண்டு. ஆனால், ஆய்வுக்கூடத்தில் வளர்ந்த கிருமி எந்த அரசின் கண்டனத்துக்கும் அஞ்சி மறைவதில்லை. 2011 இல் வெளியான மற்றோர் ஆய்வு, டில்லியின் தேங்குநீர் மாதிரிகள் 171 இல் 51 இலும், குழாய்நீர் மாதிரிகள் 50 இல் 2 இலும் அந்த மரபணுவைக் கண்டது. கண்டனம் எழுந்தபோதும் அது தண்ணீரிலே இருந்தது!

பின்னர் அறிவு வென்றது. 2012 இல் இந்திய மருத்துவர்கள் சென்னையிற் கூடிச் சென்னைப் பிரகடனத்தை உருவாக்கினர். 2014 மார்ச் முதல், குறித்த சில நுண்ணுயிர்க்கொல்லிகளை விற்போர் பதிவேடு வைத்தல் வேண்டும் என்னும் விதி இந்தியாவில் நடைமுறைக்கு வந்தது.

நம் கடமை யாது?

பெரியோர்களே! 1990 இல் இவ்வூரைவிட்டு இடம்பெயர்ந்த மக்கள், துறைமுகப் பகுதி 2017 இல் விடுவிக்கப்படும்வரை 27 ஆண்டுகள் காத்திருந்தனர். மண்ணை மீட்கப் போராடிய நாம், மண்ணின் கீழுள்ள நீரை மறக்கலாமா? யாழ்ப்பாணத்தில் வற்றாத ஆறில்லை. சுண்ணாம்புக்கல்லின் இடுக்குகளில் தங்கும் நீரே நமக்கு உயிர். மலக்குழியின் கழிவு அவ்விடுக்குகள் வழியே கிணற்றை அடையக்கூடும். டில்லித் தேங்குநீர் தந்த பாடம் நமக்கும் உரியது.

கண்டனத் தீர்மானங்கள் நாமும் பல நிறைவேற்றியுள்ளோம். இன்று கோரிக்கைகளை முன்வைப்போம். கிணற்று நீரை ஒழுங்காகப் பரிசோதித்து முடிவை ஊரறிய வெளியிடுக! மீள்குடியேறிய ஒவ்வொரு குடும்பத்துக்கும் கிணற்றுக்குத் தீங்கு செய்யாத மலசலகூடம் அமைத்திடுக! வைத்தியசாலை ஆய்வுக்கூடங்களுக்கு வேண்டிய ஆளும் கருவியும் தருக!

நமக்கும் கடமையுண்டு. மருத்துவரின் சீட்டின்றி நுண்ணுயிர்க்கொல்லி வாங்காதீர்கள். காய்ச்சல் விட்டதென்று நீங்களாகவே பாதியில் நிறுத்தாதீர்கள். எஞ்சிய குளிசையை அயல்வீட்டுப் பிள்ளைக்குக் கொடுக்காதீர்கள். கொடுப்பது இரக்கமாகத் தோன்றலாம், விளைவது கேடு.

உண்மையுரைக்கும் ஆய்வாளனை நம் எதிரியென எண்ணாதிருப்போம். அவன் காட்டும் ஆபத்தை நீக்க முற்படுவதே நாட்டுப்பற்று.