ஹார்டு டிஸ்க் நிறைந்துவிட்டதா? அழிக்கும் முன் பாருங்கள்

(காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



போன மாதம் என் கம்ப்யூட்டரில் சங்கத்தின் பராமரிப்புக் கணக்கைச் சேமிக்கப் போனேன். 'இடமில்லை' என்றது. அவசரத்தில் கண்ணில் பட்டதையெல்லாம் அழித்தேன். அதோடு ஒரு வீடியோவும் போய்விட்டது. பழைய பாம்பன் பாலத்தில் ரயிலில் போனபோது என் மகள் எடுத்து, வாட்ஸ்அப்பில் அனுப்பியது. அவளுடைய பழைய போனும் இப்போது இல்லை. 1914-இல் திறந்த அந்தப் பாலத்தில் 2022 டிசம்பரோடு ரயில் நின்றுவிட்டது. 2025 ஏப்ரலில் புதுப் பாலமும் வந்துவிட்டது. அந்த வீடியோவை இனி எடுக்கவே முடியாது. உங்களுக்கும் அப்படி நடக்கக் கூடாது என்றுதான் பேச வந்தேன்.

முதலில் ஒரு பயத்தைப் போக்கிவிடுகிறேன். 500 ஜிபி டிஸ்க் வாங்கினால் விண்டோஸ் 465 என்றுதான் காட்டும். கடைக்காரர் ஏமாற்றவில்லை. தயாரிப்பாளர் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார். விண்டோஸ் 1024, 1024-ஆக எண்ணுகிறது. அவ்வளவுதான்.

விண்டோஸ் 10, 11 வைத்திருப்பவர்கள் செட்டிங்ஸ், சிஸ்டம், ஸ்டோரேஜ் என்று வரிசையாகப் போங்கள். எது எவ்வளவு இடம் பிடித்திருக்கிறது என்று அங்கே தெரியும். பெரியதிலிருந்து தொடங்குங்கள். சின்னச் சின்ன ஃபைல்களாக நூறு அழித்தாலும் ஒரு கல்யாண வீடியோவுக்கு ஈடாகாது.

அதிலேயே 'டெம்பரரி ஃபைல்ஸ்' என்று ஒன்று இருக்கும். அந்தப் பட்டியலில் 'டவுன்லோட்ஸ்' ஃபோல்டரும் இருக்கிறது, கவனம்! நான் டிக் செய்தது அதைத்தான். வாட்ஸ்அப் வெப்பில் இறக்கிய படங்கள், ஆதார் பிடிஎஃப், பேங்க் ஸ்டேட்மென்ட் எல்லாம் அங்கேதான் கிடக்கும். இந்த வழியில் அழித்தால் ரீசைக்கிள் பின்னுக்கும் போகாது.

இன்னும் துல்லியமாகப் பார்க்க 'வின்டிர்ஸ்டாட்' என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. ஒவ்வொரு ஃபைலையும் ஒரு வண்ணக் கட்டமாகக் காட்டும். கட்டம் பெரிதானால் ஃபைலும் பெரிது. ஒரே வீடியோ மூன்று ஃபோல்டரில் இருப்பது, எப்போதோ எடுத்த போன் பேக்கப், எல்லாம் சிக்கும். லினக்ஸ் வைத்திருக்கும் பிள்ளைகள் 'டிஸ்க் யூசேஜ் அனலைசர்' பயன்படுத்தலாம்.

'ஹைபர்ஃபில்', 'பேஜ்ஃபைல்' என்று பல ஜிபி அளவில் ஃபைல்கள் தெரிந்தால் கை வைக்காதீர்கள். அவை விண்டோஸ் தன் வேலைக்கு வைத்திருப்பவை. விண்டோஸ் ஃபோல்டருக்குள்ளும் நீங்களாக எதையும் அழிக்க வேண்டாம்.

வேண்டிய படங்களை வெளி டிஸ்கில் காப்பி எடுங்கள். அங்கே திறந்து, ஓடுகிறதா என்று பார்த்த பிறகே இங்கே அழியுங்கள். டி டிரைவில் போட்டு வைப்பது காப்பி ஆகாது. பெரும்பாலும் அதுவும் அதே டிஸ்க்தான்; டிஸ்க் போனால் இரண்டும் போகும்.

தவறி அழித்துவிட்டால் உடனே கம்ப்யூட்டரை நிறுத்திவிடுங்கள். புதிதாக எதுவும் எழுதாதவரை ஹார்டு டிஸ்கில் மீட்க வாய்ப்பு உண்டு. எஸ்எஸ்டி என்றால் வாய்ப்பு மிகக் குறைவு. என்னுடையது எஸ்எஸ்டி.

சந்தேகம் இருந்தால், எதையும் அழிக்காமல் லேப்டாப்போடு சங்க அறைக்கு வாருங்கள். சேர்ந்து பார்ப்போம். பழைய பாலத்து வீடியோ யாரிடமாவது இருந்தால், எனக்கும் ஒரு காப்பி கொடுங்கள்.